காட்டுத்தீ: அணைப்பதா, நாமே வைப்பதா, எரியவிடுவதா?

காட்டை ஒட்டி வாழ்கிறவர்களும், காட்டோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களும் கோடை நெருங்கும்போது கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். கையில் இருப்பது இவ்வளவு பணம், இத்தனை ஆட்கள். இதை வைத்துத் தீயணைக்கும் கருவி வாங்குவதா, தீத்தடுப்புக் கோடு (சருகும் புதரும் நீக்கிய வெற்றுப் பட்டை) வெட்டுவதா, புதரை அழிப்பதா, அல்லது கோடைக்கு முன்பே நாமே ஒரு சின்னத் தீயை வைத்துச் சருகைக் குறைத்துவிடுவதா? "தீ காட்டுக்கு நல்லதுதான்" என்கிறார் ஒருவர். அதைக் கேட்டதுமே இன்னொருவர் கொதித்துப்போகிறார். பெரும்பாலும் இருவருமே தத்தம் காட்டைப் பற்றிச் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஒரு காட்டில் பலித்ததை அப்படியே இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் வினை வருகிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. காட்டைக் காப்பது ஒரு வேலை, வீடுகளைக் காப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே செலவில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் பல ஊர்கள் பணத்தைக் கொட்டி ஏமாறுகின்றன. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டைக் காப்பதற்கான பணத்தை வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள 30 மீட்டரிலும் செலவிடுங்கள். மிச்சப் பணம் எந்த வழிக்குப் போக வேண்டும் என்பதைக் காட்டின் வகை முடிவு செய்யட்டும். இது ஏன் என்று கீழே பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது?

காட்டின் வகை. எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி இது. மழைக்காடும் சோலைக்காடும் தீயோடு பழகி வளர்ந்தவை அல்ல. அங்குள்ள மரங்களின் பட்டை மெல்லியது, லேசான தரைத்தீகூட அவற்றைக் கொன்றுவிடும். மட்கிய தழை மீட்டர் கணக்கில் படிந்த சதுப்புக் காடுகளில் நிலைமை இன்னும் மோசம். தீ மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். 2015-இல் இந்தோனேசியாவில் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்து, பக்கத்து நாடுகள்வரை புகை மூடியதற்கு, இப்படிப்பட்ட சதுப்புகள் வடிக்கப்பட்டுக் காய்ந்துபோனது ஒரு பெரிய காரணம். இதற்கு நேர்மாறாக, வறண்ட இலையுதிர் காடுகள், புல்லும் மரமும் கலந்த சவன்னாக்கள், சில வகை ஊசியிலைக் காடுகள் ஆகியவை தீயோடு சேர்ந்தே வளர்ந்தவை. லாட்ஜ்போல் பைன் மரத்தின் கூம்புகள் பல பிசினால் மூடியிருக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் விதை கொட்டும்.

கடுமையான நாளில் தாங்குமா? சாதாரண நாளில் எல்லா முறையும் வேலை செய்வதுபோல் தெரியும். தீச்சுவாலை 1.2 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும்வரை ஆட்கள் கிட்டே போய்க் கைக்கருவியாலும் பச்சைக் கிளையாலும் அடித்து அணைக்க முடியும். அதைத் தாண்டினால் புல்டோசரும் தண்ணீரும் வேண்டும். சுமார் 3.4 மீட்டரைத் தாண்டிவிட்டால் தீயின் முன்னால் யார் நின்றும் பயனில்லை. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மேல்நோக்கிப் போகும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கையில் வைத்திருக்கும் கணக்கு. காய்ந்த புல்லும் சரிவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் பார்த்தோம். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

எத்தனை ஆண்டு நிற்கும்? ஒருமுறை செலவழித்தால் முடிந்துவிடும் வேலை இதில் எதுவுமே இல்லை.

புகை யாருக்கு? மரம் எரியாத ஊரிலும் குழந்தைகளும் ஆஸ்துமாக்காரர்களும் மருத்துவமனைக்கு வருவார்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் புகை உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகவா, ஒரேயடியாகவா என்பது மட்டும்தான் மாறும்.

தவறினால் பொறுப்பு யார் தலையில்? இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. ஆனால் அதிகாரிகள் எடுக்கும் முடிவுகளில் பாதியை இதுதான் தீர்மானிக்கிறது.

தீக்குப் பின் வரும் மழை. கலிஃபோர்னியாவில் 2017 டிசம்பரில் தாமஸ் என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ மலையை மொட்டையாக்கியது. 2018 ஜனவரி 9 அன்று பெய்த மழையில் மண்ணும் பாறையும் சரிந்து மான்டசிட்டோவில் 23 பேர் இறந்தார்கள். எந்த முறை மண்ணை எவ்வளவு வெறுமையாக்குகிறது என்பதையும் எடையில் சேர்க்க வேண்டும்.

யாருடைய பிழைப்பு? தேன், நெல்லி, கடுக்காய், மேய்ச்சல் என்று காட்டுக்குள் போய் வருகிறவர்கள்தான் தீயை முதலில் பார்க்கிறவர்கள். குற்றவாளிகள் என்று முதலில் விரல் நீட்டப்படுவதும் அவர்களை நோக்கித்தான். அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத திட்டத்துக்கு ஆயுள் குறைவு.

## ஒரு பார்வையில்

| வழி | கடுமையான நாளில் | பலன் நிற்கும் காலம் | மறைமுகச் செலவு | பொருந்தாத இடம் |
|---|---|---|---|---|
| உடனே அணைப்பது | பெரும்பாலும் தோற்கும் | அந்தக் கோடை மட்டும் | சருகும் புதரும் சேர்ந்துகொண்டே போகும் | தீயோடு வளர்ந்த காட்டில் இதை மட்டுமே நம்புவது |
| திட்டமிட்டு எரிப்பது | தீயின் உக்கிரம் குறையும் | 2 முதல் 10 ஆண்டு, காட்டைப் பொறுத்து | புகை, கைமீறும் ஆபத்து, பயிற்சி | மழைக்காடு, சோலை, சதுப்பு |
| வெட்டி மெலிப்பது | பிறகு எரிப்பும் சேர்ந்தால் நன்று | சில ஆண்டு முதல் பத்தாண்டுக்கு மேல் | கழிவு, கூலி, பெரிய மரத்தின் மேல் கண் | செங்குத்துச் சரிவு |
| தீத்தடுப்புக் கோடு | கங்கு தாண்டிவிடும் | ஒரு பருவம் | மண்ணரிப்பு, களை | ஆள் நிற்காத இடம் |
| எரியவிட்டுக் கண்காணிப்பது | கைவிட வேண்டி வரும் | பல ஆண்டு | வாரக்கணக்கில் புகை | ஊருக்கு அருகே |
| வீட்டைத் தயார்படுத்துவது | உயிரும் வீடும் பிழைக்க வாய்ப்பு அதிகம் | பராமரிக்கும்வரை | பக்கத்து வீட்டாரையும் நம்ப வேண்டும் | காட்டுக்கு மட்டும் இதனால் பலனில்லை |

## தீ தெரிந்ததும் அணைப்பது

பெரும்பாலோருக்கு இயல்பாகத் தோன்றும் வழி இதுதான். 1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மான்டானா பகுதிகளில் சுமார் 12 லட்சம் ஹெக்டேர் எரிந்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அந்நாட்டு வனத்துறை தீயைப் பரம எதிரியாக வரித்துக்கொண்டது. எந்தத் தீயானாலும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் வந்தாக வேண்டும் என்று 1935-இல் விதியே போட்டார்கள். உலகின் பல வனத்துறைகளும் அதே மனப்பாங்கில்தான் வளர்ந்தன.

இந்த முறை தோற்றுப்போனது என்று சொல்ல முடியாது. ஆள்பலமும் பணமும் உள்ள நாடுகளில் நூற்றுக்கு 97, 98 தீ தொடக்கத்திலேயே அணைக்கப்படுகிறது. மீதி இரண்டு மூன்றில்தான் வம்பு. எந்தத் தீ நம் கைக்கு அடங்காமல் தப்புகிறது? காற்று வீசி, காடு எலும்பாகக் காய்ந்துகிடக்கும் நாளில் பற்றியது. மெதுவாக நகர்ந்து சருகை மட்டும் தின்றிருக்கக்கூடிய சாதுவான தீயையெல்லாம் நாம் அணைத்துவிடுகிறோம். அதனால் காட்டுக்குக் கிடைப்பது பேயாட்டம் போடுகிற தீ மட்டும்தான். அதற்குள் பல ஆண்டுச் சருகும் சேர்ந்திருக்கும்.

மறைமுகச் செலவு கணக்கேட்டிலேயே தெரியும். அமெரிக்க வனத்துறையின் ஆண்டுச் செலவில் 1995-இல் ஆறில் ஒரு பங்கு தீக்குப் போனது. 2015-இல் பாதிக்கு மேல். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? புதர் நீக்கவும் காட்டைச் சீரமைக்கவும் வைத்திருந்ததிலிருந்து. தீயைத் தடுக்கும் வேலைக்கான பணம் தீயை அணைக்கப் போக, அடுத்த ஆண்டு தீ இன்னும் பெரிதாக வரும்.

எங்கே இதுதான் சரியான தேர்வு? சோலை, மழைக்காடு, சதுப்புக் காடு ஆகியவற்றில் வேறு பேச்சுக்கே இடமில்லை. புதிதாக நட்ட கன்றுகள் நிற்கும் இடத்திலும், சமீபத்தில் எரிந்து மீண்டு வரும் இடத்திலும் இதேதான். வெளியிலிருந்து வந்த புல் பரவிய நிலத்தையும் இதில் சேர்க்க வேண்டும். ஹவாயின் லஹைனாவில் 2023 ஆகஸ்டில் சுமார் 100 பேரைப் பலிகொண்ட தீ, கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் மண்டிக்கிடந்த அயல் புல்லில்தான் ஓடி வந்தது. அத்தகைய புல் எரிய எரிய இன்னும் அடர்த்தியாக முளைக்கும்.

## நாமே திட்டமிட்டு எரிப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் சண்டை, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

செய்யும் முறை தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பனி காய்ந்தபின், காற்றின் திசையும் ஈரப்பதமும் பார்த்து, முதலில் ஒரு மூலையில் கொஞ்சம் பற்றவைத்துத் தீ எப்படி நடந்துகொள்கிறது என்று கவனிப்பார்கள். சரியாக இருந்தால்தான் மேற்கொண்டு. சரிவின் மேல்முனையில், காற்றுக்கு எதிராக நகரும்படி வைப்பார்கள். அப்படி வைத்த தீ கணுக்கால் உயரத்தில் ஊர்ந்து இறங்கும். எல்லை முழுக்க ஆட்கள் நிற்பார்கள். எரிந்து முடிந்தபின் நடக்கும் வேலைதான் முக்கியம்: விழுந்த கட்டை, அடிமரம், வேர்க்குழி என்று ஒவ்வொன்றாகப் புறங்கையை வைத்துச் சூடு பார்த்து, சூடு இருந்தால் கிளறித் தண்ணீர் விட்டு, மறுபடி தொட்டுப் பார்ப்பார்கள். அலுப்பூட்டும் வேலை. இதில் காட்டும் சோம்பலுக்குத்தான் விலை அதிகம்.

விலை எவ்வளவு என்று அமெரிக்காவின் நியூமெக்சிகோ மாநிலத்தைக் கேட்டால் தெரியும். 2022 ஏப்ரலில் அங்கே வனத்துறை வைத்த தீ ஒன்று காற்றில் எல்லை தாண்டியது. அதே மாதம், ஜனவரியில் எரித்துப் பனிமூடி அணைந்துவிட்டதாக நினைத்த கட்டைக் குவியல் ஒன்று உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்து மீண்டும் பற்றியது. இரண்டும் சேர்ந்து சுமார் 1.38 லட்சம் ஹெக்டேர் போயிற்று. அம்மாநிலத்தின் பதிவான வரலாற்றிலேயே பெரிய தீ அதுதான். நாடு முழுவதும் திட்ட எரிப்பை 90 நாள் நிறுத்தி வைத்தார்கள். 2000-இலும் அதே மாநிலத்தில் லாஸ் அலமாஸ் ஊருக்குள் இப்படியொரு தீ புகுந்து 400-க்கு மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. ஆனாலும் நூற்றுக்கு 99-க்கு மேல் திட்டப்படியே முடிகிறது என்பது அமெரிக்க வனத்துறையின் கணக்கு. ஃப்ளோரிடாவில் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் ஹெக்டேர் இப்படி எரிக்கப்படுகிறது. அதைப் பற்றிய செய்தி நம் கண்ணில் படுவதே இல்லை, ஏனென்றால் அங்கே செய்தியாகும்படி எதுவும் நடப்பதில்லை.

பலன் உண்மையா? கலிஃபோர்னியாவின் மாபெரும் செக்குவோயா மரங்களைப் பார்க்கலாம். யோசெமிட்டியின் மரிபோசா தோப்பில் 1970-களிலிருந்து அவ்வப்போது எரித்து வந்தார்கள். 2022-இல் வாஷ்பர்ன் தீ அந்தத் தோப்பை எட்டியபோது எரிய அதிகம் இல்லாததால் தணிந்தது, பெரிய மரங்கள் தப்பின. அதற்கு இரண்டு ஆண்டு முன், காசில் தீ நூறாண்டுச் சருகும் புதரும் சேர்ந்திருந்த தோப்புகளுக்குள் புகுந்து, உலகிலிருந்த பெரிய செக்குவோயாக்களில் 10 முதல் 14 விழுக்காட்டைக் கொன்றது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எத்தனையோ தீயைத் தாங்கி நின்ற மரங்கள் அவை.

இந்த அறிவு ஒன்றும் புதிதல்ல. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்ன்ஹெம் நிலத்தில் பழங்குடிகள் வறட்சியின் தொடக்கத்திலேயே, புல் பாதி பச்சையாக இருக்கும்போது, திட்டுத்திட்டாக எரிப்பது வழக்கம். அவர்கள் ஊரைவிட்டு வெளியேறியபின் அது நின்றுபோய், கடைசிக் கோடையில் பெருந்தீ பரவத் தொடங்கியது. 2006-இலிருந்து அவர்களே திரும்பி வந்து பழையபடி எரிக்க, பெருந்தீயும் அதன் புகையும் குறைந்தன. குறைந்த புகைக்கு ஈடாக ஓர் எரிவாயு நிறுவனம் பணம் தந்தது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோளகர்களும் இப்படித்தான். கோடை முற்றுமுன் சருகைக் கொளுத்தும் அந்தப் பழக்கத்தைத் 'தரகு பெங்கி' என்பார்கள். 1970-களில் அங்கு சரணாலயம் வந்ததும் அது தடைசெய்யப்பட்டது. அதன்பிறகுதான் உண்ணிச்செடி (லண்டானா) ஆளுயரத்துக்கு மண்டியது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்பது சோளகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. உண்ணிப் புதருக்குள் இன்று தீ பிடித்தால் அது சருகுத்தீயாக இருக்காது, மரத்தின் தலைக்கு ஏறும். ஆகவே பழைய வழக்கத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாலும் போதாது. முதலில் புதரை வெட்டியாக வேண்டும்.

இந்த வழியில் அதிகம் பேசப்படாத ஒரு பொறி உண்டு: பரப்பளவு இலக்கு. 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் இறந்தபின், விசாரணை ஆணையம் பொது நிலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 5 விழுக்காட்டை எரிக்கச் சொன்னது. இலக்கு எண்ணாக இருந்தால் அதிகாரி என்ன செய்வார்? ஊருக்குப் பக்கத்தில் புகைப் புகாரோடும் ஆபத்தோடும் 50 ஹெக்டேர் எரிப்பதைவிட, ஆளில்லாத தூரத்தில் 5,000 ஹெக்டேரைக் கொளுத்திக் கணக்கு காட்டுவது சுலபம். சில ஆண்டுகளில் அந்த இலக்கைக் கைவிட்டு, ஊர்களுக்கான அபாயம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் முறைக்கு மாறினார்கள். உங்கள் பகுதியில் "இவ்வளவு ஏக்கர் எரித்தோம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எங்கே என்று கேளுங்கள்.

அடிக்கடி எரிப்பதும் தவறுதான். கன்று தலையெடுக்குமுன் மறுபடி தீ வந்தால் காடு மெல்ல மெல்லப் புல்வெளியாகிவிடும். நீளிலை பைன் காட்டுக்கு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை சரி. வேறு காட்டுக்கு அது கொலை.

## வெட்டி மெலிப்பது, புதர் நீக்குவது, ஆடு விடுவது

தரையில் ஓடும் தீ மர உச்சிக்கு ஏற ஓர் ஏணி வேண்டும். தாழ்ந்த கிளைகளும் இளமரங்களும் கொடிகளும் உயரப் புதர்களும்தான் அந்த ஏணி. அதை எடுத்துவிட்டால் தீ தரையிலேயே நிற்கும். கணக்கு எளிதானது, வெட்டும்போது புகையும் இல்லை, கைமீறும் பயமும் இல்லை. ஊருக்குப் பக்கத்தில் எரிக்கவே முடியாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

சிக்கல் வெட்டியபின்தான். கிளையும் தழையும் தரையில் கிடந்து காய்ந்தால், முன்பைவிட அதிகச் சருகைத் தரையில் பரப்பி வைத்ததாக ஆகும். எடுத்துச் சென்றாக வேண்டும், அல்லது குவித்து மழைக்காலத்தில் எரித்தாக வேண்டும். 2021-இல் அமெரிக்காவின் ஆரிகனில் பரவிய பூட்லெக் தீ, மெலித்து அதன்பின் எரிக்கவும் செய்திருந்த சைகன் சதுப்புப் பகுதிக் காட்டில் தணிந்தது. வெட்டு மட்டும் நடந்த இடங்களில் அந்த அளவு பலன் தெரியவில்லை. அதிகமாக மெலித்தாலும் தொல்லைதான். நிழல் போய், வெயிலும் காற்றும் உள்ளே வந்து, தரை சீக்கிரம் காயும்.

இதில் ஒரு பணச் சங்கடமும் ஒளிந்திருக்கிறது. தீயைத் தாங்குவது தடித்த பட்டையுள்ள பெருமரம். எரிவது சுண்டுவிரல் பருமன் சுள்ளியும் மணிக்கட்டுப் பருமன் கிளையும். ஆனால் மர வியாபாரிக்கு வேண்டியது பெருமரம்தான். "மெலிக்கும் செலவை மரம் விற்றே ஈடுகட்டிவிடலாம்" என்று ஒரு திட்டம் வந்தால், எந்தப் பருமனுக்கு மேல் தொடக்கூடாது என்ற வரி அதில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் அது தீத்தடுப்புத் திட்டமே அல்ல.

உண்ணிச்செடியை வெட்டினால் மட்டும் போதாது, வேரோடு பிடுங்கி, முளைப்பை இரண்டு மூன்று மழைக்குத் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதன் தண்டில் நாற்காலி, யானைச் சிற்பம் என்று செய்து விற்கிறார்கள். கைக்கு வருமானம் வருவது நல்லதுதான், ஆனால் பரவிக்கிடக்கும் அளவுக்கு நாற்காலி யாருக்கு வேண்டும்? உத்தராகண்டில் பைன் ஊசிச் சருகை மக்களிடமிருந்து எடைக்கு வாங்குவதும் இதே வகை முயற்சி. சாலையோரத்திலும் ஊரோரத்திலும் பலன் தரும், மலை முழுவதற்கும் எட்டாது.

ஸ்பெயினின் அந்தலூசியாவில் தீத்தடுப்புப் பட்டைகளை மேய்த்துச் சுத்தமாக வைத்திருக்கும் மேய்ப்பர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது. ஆடு பெரும்பாலும் பச்சையைத்தான் தின்னும், காய்ந்த சருகை அதிகம் குறைக்காது. கன்றையும் விட்டுவைக்காது. ஆகவே பட்டி போட்டு, இடம் மாற்றி, ஆளோடு மேய்க்க வேண்டும்.

## தீத்தடுப்புக் கோடு

கோட்டை வெட்டிவிட்டால் தீ தானாக நின்றுவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நிற்காது. பெருந்தீயில் கங்குகள் காற்றில் பல நூறு மீட்டர், சில வேளை பல கிலோமீட்டர் பறந்து போய் விழும். கோடு தீயணைப்போருக்கு நிற்க ஓர் இடம், எதிர்த்தீ (வரும் தீக்கு இரையில்லாமல் செய்ய முன்னாலேயே வைக்கும் தீ) வைக்க ஓர் எல்லை, ஓடித் தப்ப ஒரு வழி. ஆள் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

இலையுதிர் காட்டில் முதல் தடவை பெருக்கிய கோட்டில் இரண்டு வாரத்தில் மறுபடி சருகு விழுந்து மூடும். ஒப்பந்தத்தில் ஒரே ஒரு தடவைக்குப் பணம் போட்டிருந்தால் பிப்ரவரியில் எடுத்த புகைப்படம் அழகாக இருக்கும், ஏப்ரலில் கோடு இருக்காது. மலையில் மேலிருந்து கீழாக நேராக வெட்டிய கோடு முதல் மழையிலேயே ஓடையாகும். சாலை, பாறை, ஓடை என்று ஏற்கெனவே உள்ள இடைவெளிகளை இணைப்பதுபோல் வெட்டுவதுதான் சிக்கனம்.

## எரியவிட்டுக் கண்காணிப்பது

மின்னல் மூட்டிய தீயை, ஊரிலிருந்து வெகு தொலைவில், வானிலை சாதகமாக இருக்கும்வரை எரியவிட்டு எல்லையில் மட்டும் காவல் காப்பது. யோசெமிட்டியின் இல்லிலூவெட் படுகையில் 1972-இலிருந்து இதைச் செய்கிறார்கள். அடர்காட்டின் பரப்பு குறைந்து, புல்வெளியும் ஈரநிலமும் கூடியிருக்கின்றன. பழைய எரிதழும்புகளே புதிய தீக்குத் தடுப்பாகிவிடுகின்றன. செலவிலும் இது மலிவு.

ஆனால் 1988-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இதே கொள்கையோடு தொடங்கிய கோடை, பூங்காவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தபின் செப்டம்பர் மழையும் பனியும் வந்துதான் முடிந்தது. ஜூலையிலேயே கொள்கையைக் கைவிட்டு எல்லாத் தீயையும் அணைக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. காடு நன்றாகவே மீண்டது. பொதுமக்களின் நம்பிக்கை மீள அதைவிட நாளாயிற்று.

இந்தியா போன்ற இடங்களில் இது ஏறக்குறைய தேர்வே அல்ல. இங்கே கோடைத் தீயின் பெரும்பகுதி மனிதர்களிடமிருந்து வருகிறது, காட்டுத் துண்டுகள் சிறியவை, எல்லையை ஒட்டியே ஊர் இருக்கிறது.

## வீட்டையும் ஊரையும் தயார்படுத்துவது

2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைத் தீ அழித்தது. 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கு மேல் கட்டடங்கள் போயின. பின்னர் எடுத்த வான்படங்களில் ஒன்று கண்ணை உறுத்தும்: சாம்பலான வீடுகளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று மரங்கள் நிற்கின்றன. காட்டுத்தீ ஒரு சுவராக வந்து வீட்டைத் தின்றிருந்தால் மரம் எப்படி மிஞ்சும்? வந்தது கங்கு. கூரை விளிம்பில் சேர்ந்த சருகு, காற்றுப் புழை, வாசலில் கிடந்த துடைப்பம், சுவரோரம் அடுக்கிய விறகு என்று எங்கோ விழுந்து, ஒரு வீடு பற்றி, அதன் வெக்கையில் அடுத்த வீடு பற்றியது.

மர உச்சியில் ஓடும் தீயின் வெக்கைகூட சில பத்து மீட்டருக்கு அப்பால் மரச்சுவரைப் பற்றவைக்காது என்று அமெரிக்க ஆய்வாளர் ஜாக் கோயன் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார். 30 மீட்டர் என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. சுவரிலிருந்து 1.5 மீட்டருக்குள் எரியக்கூடிய எதுவும் வேண்டாம்: செடியும் வேண்டாம், கால்மிதியும் வேண்டாம். 9 மீட்டர்வரை புல்லை ஒட்ட வெட்டி, மரக்கிளைகள் கூரையைத் தொடாமல் வைக்க வேண்டும். அதற்கப்பால் 30 மீட்டர்வரை புதர்க்கூட்டங்களைப் பிரித்துவிட்டால் போதும், மொட்டையடிக்க வேண்டியதில்லை. காற்றுப் புழைகளுக்கு 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள உலோக வலை. எரியாத கூரை. இந்தப் பட்டியலில் ஹெலிகாப்டர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

குறை என்னவென்றால், நீங்கள் ஒருவர் செய்து பக்கத்து வீட்டார் செய்யாவிட்டால் பாதிப் பலன்தான். வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் அதுகூட இல்லை. வாடகைக்கு இருப்பவர், பூட்டிக்கிடக்கும் வீடு, வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு இவற்றுக்கு யார் செய்வது என்று ஊர்தான் முடிவெடுக்க வேண்டும்.

வெளியேறுவதும் இந்தக் கணக்கில் சேரும். போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராண்டே பகுதியில் 2017 ஜூனில் இறந்த 66 பேரில் பலர் காரில் தப்பிக்கப் பார்த்துச் சாலையில் சிக்கியவர்கள். அடுத்த ஆண்டே அந்நாடு 'பாதுகாப்பான கிராமம்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது: ஊருக்கு ஒரு பொறுப்பாளர், அடையாளமிட்ட தப்பும் வழி, வெளியேற முடியாவிட்டால் கூடி நிற்க ஓர் இடம். தீ தெரிந்தபின் கிளம்புவது பெரும்பாலும் காலம் கடந்த முடிவு.

## எந்தச் சூழலுக்கு எது?

சோலை, மழைக்காடு, சதுப்பு உங்கள் பக்கத்தில் என்றால் எரிப்பைப் பற்றிய பேச்சை மறந்துவிடுங்கள். காடு விளிம்பில் காயாமல் பார்ப்பது, வடிகாலை அடைப்பது, முதல் மணி நேரத்தில் அணைப்பது. அவ்வளவுதான்.

வறண்ட இலையுதிர் காடு, புதர் அதிகம் இல்லை, எரித்துப் பழகிய மூத்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றால், வனத்துறையோடும் சட்ட அனுமதியோடும் பருவத்தின் தொடக்கத்தில் திட்டுத்திட்டாக எரிப்பதை நான் முதலில் வைப்பேன். அனுமதி இல்லாமல் ஒரு தீக்குச்சிகூட வேண்டாம். அது சட்டப்படி குற்றம் என்பதற்காக மட்டுமல்ல, கைமீறினால் உதவிக்கு யாரும் தயாராக இருக்கமாட்டார்கள்.

அதே காட்டில் உண்ணிச்செடி ஆளுயரம் நிற்கிறதென்றால் வெட்டு முதலில், எரிப்பு இரண்டு மூன்று ஆண்டு கழித்து. முழுக் காட்டையும் எடுக்கப் போகாமல் ஊரையும் சாலையையும் ஒட்டிய பட்டையில் தொடங்குங்கள்.

பணம் மிகக் குறைவு, ஆட்கள் மட்டும் உண்டு என்றால் வீடுகளைச் சுற்றிச் சுத்தம் செய்வதும், பள்ளியோ மைதானமோ கூடுமிடமாகக் குறிப்பதும், ஏற்கெனவே உள்ள பாதைகளில் சருகு பெருக்குவதும் போதும். கோடு வெட்டுவதில் அந்த ஆட்களை வீணாக்க வேண்டாம்.

பணம் தாராளமாக இருந்தால் நாளில் பாதி கருவி விற்பவர்களிடமே போய்விடும். ட்ரோன், கேமரா, தானியங்கி எச்சரிக்கை எல்லாம் வாங்கலாம், ஆனால் எச்சரிக்கை வந்தபின் அரை மணி நேரத்தில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஆளும் பாதையும் உண்டா என்று முதலில் பாருங்கள். மலையேறத் தெரிந்த, அந்தக் காட்டின் காற்று தெரிந்த பத்துப் பேருக்கு ஆண்டு முழுதும் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் அதைவிட நல்ல செலவு. கோடைக்கு மூன்று மாதம் மட்டும் தினக்கூலிக்கு எடுத்தால், தீயில்லா மாதங்களில் வெட்டவும் பெருக்கவும் வரைபடம் போடவும் யாரும் இருக்கமாட்டார்கள்.

காடு ஏற்கெனவே எரிந்துவிட்டதென்றால் மேலே சொன்ன எதுவும் இந்த ஆண்டு வேலை அல்ல. முதல் மழைக்கு முன் சரிவுகளுக்குக் கீழே உள்ள வீடுகளையும் ஓடைப் பாலங்களையும் பாருங்கள். எரிந்த மரங்களை இழுத்துக்கொண்டு போகும் லாரியை அந்தச் சரிவில் ஏறவிடாதீர்கள். சாய்ந்து கிடக்கும் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்தி, மண் பிடிக்கும்வரை அங்கேயே விட்டுவையுங்கள்.